நாயின் குடலும் மனிதனின் நன்றியும்

நாய்க்குச் சி.ரி. ஸ்கான் எடுக்கப்படுகின்றது என்றதும் ஏளனமாக நகைப்போர் பலர். மனிதருக்கே இவ்வசதி அரிதாயுள்ள உலகில் நாயின் உணவுக் கால்வாயைப் படம்பிடிப்பது செல்வந்தரின் ஆடம்பரமன்றி வேறென்ன என்பது அவர்தம் வினா. மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்வினா மனிதாபிமானத்தின்பாற் பட்டதாகவே தோன்றும். ஆயின் அது வரலாற்றையும் அறியாதது. வறுமையின் காரணத்தையும் அறியாதது.

1895இல் றொன்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்-கதிர்கள் எலும்பைத் தெளிவாகக் காட்டின. இரைப்பையும் குடலும் சூழவுள்ள தசையோடு ஒன்றாய் மங்கித் தோன்றின. 1896 டிசெம்பரில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், ஹாவாட் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவரான வோல்ரர் கனன், ஒரு நாய் விழுங்கிய பொத்தான் உணவுக்குழாய் வழியே இறங்குவதை ஒளிர்திரையிற் கண்டார். பின்னர் வாத்துக்கும் பூனைக்கும் பிசுமத்து உப்புக் கலந்த உணவு ஊட்டப்பட்டது. கதிர்களைத் தடுக்கும் அவ்வுப்பு, உணவு சென்ற வழியை நிழலாக வரைந்து காட்டிற்று. பூனை அச்சமோ சினமோ கொண்டபோது அதன் இரைப்பை அசைவற்று நின்றதையும் கனன் கண்டார். உணர்ச்சிக்கும் உடலுக்குமுள்ள தொடர்பு பற்றிய அவரது பிற்கால ஆய்வுகளுக்கு இதுவே வித்து. பிசுமத்தின் இடத்தைப் பின்னர் பேரியம் பெற்றது. மனிதர் பருகும் பேரியப் பானத்தின் பூர்வகதை இவ்விலங்குகளின் வயிற்றிலேயே தொடங்குகின்றது. 1971இல் ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. கருவி முதல் நோயாளியைப் படம்பிடிக்கும் முன்னரே, குடலை நிழலாற் காணும் வித்தையை மனிதன் விலங்கிடம் கற்றுவிட்டான்.

பழைய கடன் மட்டும் இன்றைய செலவுக்கு நியாயமாகாது என்பாருமுளர். அது உண்மையே; எனவே தேவையையும் நோக்குதல் வேண்டும். நாய் தன் நோவு எங்கென வாய்திறந்து கூறாது. அது விழுங்கிய துணியும் மரத்துண்டும் சோளப்பொத்தியும் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்திற் பெரும்பாலும் தெளிவுறா. நாளத்தினுள் அயடீன் கொண்ட மருந்தைச் செலுத்திச் சி.ரி. படம் எடுக்குங்கால், குருதி பாயும் குடற்சுவர் துலங்கித் தோன்றும். குருதி இழந்த பகுதி துலங்காது. அடைப்பு எவ்விடத்தது, கட்டி எவ்வளவு பரந்தது என்பவற்றை வயிற்றைக் கீறுமுன்னரே மிருக வைத்தியர் அறிய இயலும். இதற்கு நாயை மருந்தினால் அமைதிப்படுத்தவோ மயக்கவோ வேண்டும். செலுத்தும் மருந்து சிலவேளை ஒவ்வாமை தரலாம். எளிய படமே போதுமான சந்தர்ப்பங்களும் பல. ஆகவே எல்லா நாய்க்கும் இது வேண்டும் என்பது வாதமன்று. தேவையை வைத்தியம் தீர்மானிக்கட்டும், ஏளனம் தீர்மானிக்கலாகாது.

இனி, வறுமை பற்றிய வாதத்தை நோக்குவோம். நாயின் படத்தை நிறுத்திவிட்டால் ஓர் ஏழையேனும் அக்கருவியின் அருகே செல்வானா? ஏழை நோயாளிக்கும் கருவிக்கும் இடையே படுத்திருப்பது நாயன்று. மருத்துவத்தைப் பண்டமாக்கிய சந்தையே. அச்சந்தை செல்வந்தரின் நாய்க்குக் கதவைத் திறக்கின்றது. ஏழையின் நாய்க்கும் ஏழைக்கும் ஒருங்கே அடைக்கின்றது. இக்கொடுமையைக் கண்டு சினப்போர் சந்தையை நோக்கிச் சினத்தல் வேண்டும். அதற்குத் துணிவற்றோர் வாயில்லாப் பிராணியை நோக்கிக் கல்லெறிகின்றனர். எறிந்த கல்லுக்கு மனிதாபிமானம் எனப் பெயரும் சூட்டுகின்றனர்.

நன்றிக்கு நாயை உவமை கூறாத பள்ளிக் கட்டுரை நம்மிடையே அரிது. அவ்வுவமையை எழுதிப் பழகிய கைகளே, தன் உடலால் மனிதனுக்கு மருத்துவம் கற்பித்த பிராணியின் சிகிச்சையை வீண்செலவெனத் தள்ளுகின்றன. நாயின் நன்றி பற்றி எழுதியது போதும். மனிதனின் நன்றி பற்றி எழுதவேண்டிய காலம் இது.