உயரமே உயிர்

சிறு விமானம் விழுந்தால் எஞ்சின் கோளாறு, சதி என்றுதான் முதலில் பேசுகிறோம். 1980 ஜூன் 23 அன்று டெல்லி சப்தர்ஜங் அருகே சஞ்சய் காந்தி ஓட்டிய பிட்ஸ் விமானம் நொறுங்கியபோதும் அப்படித்தான் பேசினோம். ஆனால் அது தாழ்வான உயரத்தில் சாகசம் செய்துகொண்டிருந்த விமானம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறினால், எஞ்சின் நன்றாக ஓடினாலும் தூக்குவிசை சரிந்துவிடும். மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்தால் மீளலாம். அதற்குள் சில நூறு அடியாவது இறங்கிவிடும். அந்த உயரம் கையில் இல்லையென்றால் திறமைக்கு வேலையே இல்லை.

சஞ்சயின் அனுபவமின்மைதான் காரணம் என்பார்கள். உடன் பறந்து உயிரிழந்த கேப்டன் சுபாஷ் சக்சேனா தேர்ந்த பயிற்றுநர் ஆயிற்றே! சாகசமே இல்லாமலும் விமானங்கள் விழுகின்றனவே என்றும் கேட்கலாம். உண்மைதான். 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூரில் நடிகை சௌந்தர்யா உள்ளிட்ட நால்வரைப் பலிகொண்ட செஸ்னா விமானம், புறப்பட்ட சற்று நேரத்திலேயே விழுந்தது. அங்கே கோளாறு எதுவாயினும், அதைச் சரிசெய்ய உயரமும் இல்லை, நேரமும் இல்லை.

நம் மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் கிடக்கிறது. அங்கு என்றேனும் பயிற்சி விமானங்கள் பறக்குமானால், குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே பறப்போரை, அவர் எவ்வளவு பெரியவராயினும், அன்றே தரையிறக்கும் அதிகாரம் பயிற்றுநருக்கு வேண்டும்.

— வாசகர், திருக்கோவிலூர்