தடுக்கத் தெரிந்தும் தடுக்காதது குற்றம்

ஆர்.எச். நெகட்டிவ் ரத்த வகைத் தாய்க்கு ஆர்.எச். பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். 1968 முதல் புழக்கத்தில் உள்ள மருந்து இது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனாலும், தேவைப்படும் பெண்களில் உலகெங்கும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது போய்ச் சேர்வதில்லை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். மருத்துவ அறிவு தன் கடமையைச் செய்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும் இந்த அவலம் நீடிப்பதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இந்தியப் பெண்களில் 100க்கு சுமார் 5 பேர் ஆர்.எச். நெகட்டிவ். பிரசவத்தில் பாசிட்டிவ் குழந்தையின் ரத்தம் இத்தகைய தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த கருவும் பாசிட்டிவ் என்றால் அதன் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்பொருள் சிதைக்கும். சில சிசுக்கள் கருப்பையிலேயே இறக்கின்றன. பிழைத்துப் பிறப்பவற்றைக் கடும் மஞ்சள் காமாலை தாக்குகிறது. சிவப்பணுக்கள் சிதைவதால் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மூளையில் படிந்தால் செவித்திறன் போகும், கைகால் முடங்கும். எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுப்பதே ஆன்டி-டி ஊசியின் வேலை; உருவான பிறகு போட்டுப் பயனில்லை.

ஊசி போடாவிட்டால், பாசிட்டிவ் குழந்தை பெறும் நெகட்டிவ் தாய்மாரில் 100க்கு 16 பேருக்கு வரை எதிர்ப்பொருள் உருவாகும். பிரசவத்துக்குப் பின் போட்டால் அது 2 பேருக்குள் அடங்கும். கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலும் போட்டால் 1000க்கு ஓரிருவராகக் குறையும். இவ்வளவு தெளிவான கணக்கு கையில் இருக்கும்போது, "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள்" என்று பிரசவித்தவளின் குடும்பத்திடம் சீட்டு நீட்டுவது மன்னிக்க முடியாத அலட்சியம். கருக்கலைப்பிலும் ரத்தம் கலக்கக்கூடும் என்றிருக்க, மாதங்கள் கடந்த கருவைக் கலைத்துவிட்டு, ரத்த வகையைக்கூடப் பார்க்காமல் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதும் அப்படியே. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சளிக்கும் குழந்தையை "காலை வெயிலில் காட்டுங்கள், சரியாகிவிடும்" என்று திருப்பி அனுப்புவது அதனினும் கொடிது. அந்தக் குழந்தைக்கு உடனடி ரத்தப் பரிசோதனையும் நீலஒளி சிகிச்சையும் வேண்டும். நிலைமை முற்றினால் ரத்த மாற்றமும் செய்தாக வேண்டும்.

கர்ப்பகால முதல் பரிசோதனையிலேயே ரத்த வகைச் சோதனையும், நெகட்டிவ் என்றால் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் கூம்ப்ஸ் சோதனையும் கட்டாயமாக வேண்டும். பிரசவம் நடக்கும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் ஆன்டி-டி இலவசமாக, எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். தவறவிடப்பட்ட ஒவ்வோர் ஊசிக்கும் விசாரணை நடக்க வேண்டும். சுகாதாரத் துறைகள் இனியும் சாக்குச் சொல்லாமல் இவற்றை உடனே செய்ய வேண்டும்.