செத்த இயற்கையாம்!

பிரெஞ்சுக்காரர்கள் மேல் எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மேசை மேல் பழம், ரொட்டி, செம்புப் பாத்திரம் வைத்து வரையும் ஓவியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'நத்யூர் மோர்த்'. அதாவது செத்த இயற்கை! டச்சுக்காரர்களோ 'ஸ்டில்லேவன்' என்றார்கள். அசையாத உயிர். ஒருவருக்குப் பிணமாகத் தெரிந்தது இன்னொருவருக்கு உயிராகத் தெரிந்திருக்கிறது. தமிழில் 'அசையாப் பொருள் ஓவியம்' என்கிறார்கள். காலமெல்லாம் கோப்பு புரட்டிய எனக்கு அதைக் கேட்டால் பத்திரப் பதிவு அலுவலகம்தான் ஞாபகம் வருகிறது.

பெயர் கிடக்கட்டும். அதற்குப் பின்னால் இருக்கும் இளக்காரம்தான் என்னை உறுத்துகிறது. 1667-ல் ஃபெலிபியேன் என்பவர் ஓவியர்களுக்கு ஒரு படிவரிசை போட்டார். சரித்திரமும் புராணமும் வரைபவர் உச்சியில், பழமும் பூவும் சிப்பியும் வரைபவர் அடியில். நம் ஊர் சாதி அடுக்கேதான். என்ன வரைந்தார் என்று பார்ப்பார்கள், எப்படி வரைந்தார் என்று கேட்க மாட்டார்கள். இன்றும் புகைப்படக் கண்காட்சியில் "ஆளே இல்லையே, இதில் என்ன கதை?" என்று கேட்கிறவர்கள் ஃபெலிபியேனின் பேரப்பிள்ளைகள். கதை வேண்டுமென்றால் சினிமாவுக்குப் போங்கள் ஐயா.

ஷர்தேனைப் பாருங்கள். 1728-ல் பாரீஸ் ஓவிய அக்காதெமியில் அவரைச் சேர்த்தபோது, விலங்கும் பழமும் வரைபவர் என்ற கணக்கில்தான் சேர்த்தார்கள். அப்போது அவர் கொடுத்த படங்களில் ஒன்று, வயிறு கிழித்துக் கொக்கியில் மாட்டிய திருக்கை மீன். இன்று லூவ்ரில் இருக்கிறது. கடலோரத்தில் வளர்ந்த எனக்குத் திருக்கை புதிதல்ல. ஆனால் அந்த வெளுத்த தோலின் ஈரத்தையும் உள்ளே தெரியும் சிவப்பையும் மீன் மார்க்கெட்டில் நான் நின்று பார்த்ததே இல்லை. (பிற்காலத்தில் அதே அக்காதெமிக்குப் பொருளாளராகவும் இருந்தார். கணக்கு எழுதிய மனிதர் என்பதால் கொஞ்சம் கூடுதல் பிரியம்!)

அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் படம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், கறுத்த காபிப் பாத்திரம், பக்கத்தில் பூண்டு. முடிந்தது. நெப்போலியனை வரைந்தால் தலைப்பே பாதி வேலையைச் செய்துவிடும். பூண்டுக்கு எந்தப் புராணம் கைகொடுக்கும்? நிறமே இல்லாத தண்ணீரை வர்ணத்தால் வரைந்து பாருங்கள், தெரியும்.

புகைப்படத்துக்கும் முதலில் கைகொடுத்தவை இந்தப் பொருள்கள்தான். 1837-ல் தகேர் தம் தட்டில் பதித்தது ஒரு ஜன்னலோரத்துப் பிளாஸ்டர் சிற்பங்களை. வெளிச்சம் பதிய வெகுநேரம் ஆகும். மனிதன் அசைவான், சிற்பம் அசையாது. 1930-ல் அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். மனித உடம்பு போலவே இருக்கிறது என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அங்கேயும் கோபம் வருகிறது. மிளகாய் மிளகாயாக இருந்தால் போதாதா? உடம்பாகத் தெரிந்தால்தான் மரியாதையா?

காலை வெயில் விழுந்த டபராவைச் செல்போனில் எடுத்து அனுப்பினால் "காபி விளம்பரமா சார்?" என்று பதில் வருகிறது. விளம்பரம் வாங்கச் சொல்லும். ஷர்தேன் யாரையும் பூண்டு வாங்கச் சொல்லவில்லை.