கழுகுமலை சொல்லும் பாடம்



தைப்பூசத்தில் காவடி எடுத்திருப்பீர்கள். எடுத்தவர் பின்னால் நின்று சிந்து பாடியும் இருப்பீர்கள். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து எந்த ஊர் முருகன் மேல் பாடியது என்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டேன். சிலர் பழனி என்றார்கள். சிலர் பத்துமலை என்றார்கள். அந்த ஊர் கழுகுமலை. சென்னிகுளத்தில் பிறந்து, இளம் வயதிலேயே மறைந்த அந்தப் புலவர் கழுகுமலை முருகனைத்தான் பாடினார்.

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். ஊர் சிறியது. நடுவே ஒரே பாறையாய் ஒரு குன்று. அடிவாரத்தில் மலையைக் குடைந்த கருவறையில் கழுகாசலமூர்த்தியாக முருகன் வீற்றிருக்கிறார்.

குன்றின் மேலே ஏறினால் வெட்டுவான் கோயிலைக் காணலாம். 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் செய்த வேலை அது. நாம் வீடு கட்டினால் அஸ்திவாரத்தில் தொடங்குவோம். அந்தச் சிற்பிகளோ சிகரத்தில் தொடங்கினார்கள். பாறையை மூன்று புறமும் ஏறத்தாழ 25 அடி ஆழம் வெட்டி, நடுவில் நின்ற கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே இறங்கினார்கள். உமையுடன் சிவன், நரசிம்மர், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி என்று மேலே அத்தனை அழகு! கீழே வரவர வேலை நின்றுவிட்டது, அடிப்பகுதி முற்றுப்பெறவில்லை. தகப்பனும் மகனுமான இரு சிற்பிகளுக்குள் போட்டி மூண்டு, பொறாமையில் தகப்பன் மகனைக் கொன்றான் என்று ஊரார் கதை சொல்வார்கள்.

அதே குன்றில் சற்றுத் தள்ளி, பாறைச் சுவரில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 150 சிற்பங்கள். ஐந்து தலை நாகம் குடைபிடிக்கப் பார்சுவநாதர், காலில் கொடி சுற்றிய பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகை. பக்கத்திலேயே நம் அய்யனாருக்கும் ஒரு கோயில். சிவனும் முருகனும் அருகரும் அய்யனாரும் ஒரே குன்றைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் மனத்தைத் தொட்டது அந்தச் சிற்பங்களின் கீழே உள்ள எழுத்துகள். வட்டெழுத்தில் பல சிறு கல்வெட்டுகள். இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னார், இன்ன ஊரினர் என்று சொல்பவை. அரசன் பெயரைத் தேடிப் போனால் தச்சர், கொல்லர், குயவர் பெயர்கள் வருகின்றன. குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் திருச்சாரணத்துக் குரத்தியர். குமரி மாவட்டத்துச் சிதறால் மலைதான் திருச்சாரணம். மாணாக்கர், மாணாக்கியர் என்று படித்தவர்களையும் குறித்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் குன்றில் பெண்கள் கற்றார்கள், கற்பித்தார்கள். "பொம்பளப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு வாத்தியாரே?" என்று என்னிடம் கேட்ட பெற்றோர் இதைக் கவனிக்கவும்.

இனி நம் கதைக்கு வருவோம். நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு என் பாட்டனார் கல் சுமந்தார். பால்வெட்டு முடித்த கையோடு மண் குழைத்தார்கள் ஆண்களும் பெண்களும். சம்பள நாளில் ஆளுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். பிறகு தோட்டம் கைமாறியது. லயங்கள் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. கோயிலுக்கு வேறு இடம் கிடைத்தது. புதுக் கோயில் பளிங்குக் கல்லில் நன்கொடையாளர் பெயர்கள் பளபளக்கின்றன. முதல் கல் சுமந்த ஒருவர் பெயரும் அதில் இல்லை. யாரைக் குறை சொல்வது? எழுதி வைக்கவில்லை நாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக் கோயிலைக் கட்டியவர்களைப் பார்த்த தாத்தா பாட்டி எவரேனும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அருகில் உட்காருங்கள். பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். பெயர், வந்த ஊர், செய்த வேலை என்று வரிசையாக எழுதட்டும். குயவர் பெயரைக் கல் காத்தது. நம் பாட்டன் பெயரைக் காக்க நாற்பது பக்க நோட்டு ஒன்று போதாதா?