மரபணுச் சான்றும் உறவினர் உரிமையும்

கொலைக்குற்றத்திற்குக் காலக்கெடு இல்லை என்பது சட்டநெறி. ஆயினும், சான்று கிடைக்காத வழக்குகள் ஆண்டுகள் பல கடந்தபின் கோப்புகளில் உறங்கிவிடுகின்றன. அத்தகைய வழக்குகளுக்கு மீண்டும் உயிரூட்டுகிறது, தடயவியலின் புதிய கிளையான மரபணுக் கொடிவழி ஆய்வு. அதன் பயன் பெரிது. அது எழுப்பும் வினாக்களும் சிறியன அல்ல.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970களிலும் 1980களிலும் 13 பேரைக் கொன்று, ஏறத்தாழ 50 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய ஒருவன் நெடுங்காலம் அகப்படவில்லை. குற்றம் நிகழ்ந்த இடங்களில் எடுத்த தடயங்கள் பாதுகாக்கப்பட்டிருந்தன. எனினும், காவல்துறையின் மரபணுத் தொகுப்பில் அவற்றோடு பொருந்துவார் எவரும் இலர்.

எனவே, புலனாய்வாளர்கள் வேறு வழி தேடினர். முன்னோரை அறியும் ஆர்வத்தால் பொதுமக்கள் தம் மரபணு விவரங்களைத் தாமே பதிவேற்றும் ஜெட்மேட்ச் முதலிய இணையத்தளங்களில் அத்தடயத்தை ஒப்பிட்டனர். குற்றவாளி கிடைக்கவில்லை, அவனுடைய தொலைதூர உறவினர் கிடைத்தனர். அவர்களுக்குப் பொதுவான முன்னோரைக் கண்டறிந்து, அம்முன்னோரின் வழித்தோன்றல்களைப் பழைய ஆவணங்களின் துணையோடு பட்டியலிட்டனர். வயது, பால், வாழ்ந்த இடம் ஆகியவற்றால் பட்டியலைச் சுருக்கியபோது, ஜோசப் டிஆஞ்சலோ என்னும் முன்னாள் காவலன்மீது ஐயம் விழுந்தது. அவன் எறிந்த காகிதக் கைக்குட்டையில் கிடைத்த மரபணு அந்த ஐயத்தை உறுதிசெய்தது. 2018 ஏப்ரலில் கைதான அவன், 2020இல் குற்றங்களை ஒப்புக்கொண்டு வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்றான்.

இவ்வாய்வு குற்றமற்றவரையும் காக்கிறது. ஐடகோ மாநிலத்தில் 1996இல் நிகழ்ந்த கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகளைச் சிறையில் கழித்த ஒருவர், உண்மைக் குற்றவாளி இம்முறையால் பிடிபட்ட பின்னர், 2019இல் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார்.

இத்துணைப் பயனுள்ள முறையைத் தடையின்றிப் பயன்படுத்தினால் என்ன? குற்றம் செய்யாதவர் ஏன் அஞ்சவேண்டும்? இவ்வாறு வினவுவோர் உளர். ஆனால், மரபணு ஒருவருக்கு மட்டும் உரிய உடைமையன்று; அது குடும்பத்தின் பொதுச்சொத்து. ஒருவர் தம் விவரத்தை வெளியிடும்போது, இசைவு கேட்கப்படாத உறவினரின் விவரமும் உடன் வெளிப்படுகிறது. 12.8 இலட்சம் பேரின் மரபணு விவரங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, ஐரோப்பிய மரபினரான அமெரிக்கரைத் தேடினால் ஏறத்தாழ 60 விழுக்காட்டுத் தேடல்களில் பாட்டனுக்குப் பாட்டன் வழி உறவினரோ அவரினும் நெருங்கியவரோ கிடைப்பர் எனக் கணித்தது. தம் மரபணுவை எவரிடமும் அளிக்காதவரும் தேடலுக்கு அகப்படுவர் என்பதே இதன் பொருள்.

ஐயம் தவறான இடத்தில் விழுவதும் உண்டு. அதே கலிபோர்னிய வழக்கில், டிஆஞ்சலோ அகப்படுவதற்கு முந்தைய ஆண்டு, ஆரிகன் மாநில முதியவர் ஒருவர்மீது ஐயங்கொண்டு அவரிடம் மரபணு மாதிரி பெற்றனர். அவர் குற்றமற்றவர்.

அமெரிக்காவில் ஆய்வு முந்திக்கொண்டது, நெறிமுறை பின்தொடர்ந்தது. 2019இல் ஜெட்மேட்ச், இசைவு தந்தோரின் விவரங்களை மட்டுமே காவல்துறையின் தேடலுக்கு உட்படுத்துவதென விதியை மாற்றியது. மரபணு உறவை மட்டுமே கொண்டு எவரையும் கைது செய்யலாகாது என அவ்வாண்டே நடுவண் நீதித்துறை அறிவுறுத்தியது. மேரிலாந்து மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம், கொடுங்குற்றங்களுக்கு மட்டும், பிற வழிகள் பயனளிக்காதபோது, நீதிமன்ற ஒப்புதலோடு இம்முறையைப் பயன்படுத்த இடமளித்தது.

இதுவே ஏற்கத்தக்க நெறி. மாண்டவருக்கு நீதி வழங்குவது கடன். வாழ்வோரின் உரிமையைப் பேணுவதும் கடன். இரண்டனுள் ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொள்ளுதல் அறமாகாது. ஆதலின், இத்தொழில்நுட்பம் எந்நாட்டில் கால்பதிப்பினும், சட்டம் முன்னும் ஆய்வு பின்னுமாகச் செல்லவேண்டும்.