லவுஞ்ச் தோசை என்ன விலை பாஸ்?

திருச்செங்கோட்டுல உட்கார்ந்துக்கிட்டு டிராவல் கிரெடிட் கார்டு பத்தி எழுதுறியான்னு சிரிக்காதீங்க. நம்ம ஊர் ரிக் வண்டி போய் போர் போடாத ஸ்டேட்டை மேப்ல தேடித்தான் கண்டுபிடிக்கணும். மத்தியப் பிரதேசம், சட்டீஸ்கர், ராஜஸ்தான்... ஆப்பிரிக்கா வரைக்கும் போயாச்சு. ஊரே டிராவல் பண்ற ஊரு இது!

நம்ம செட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கேம்பஸ்ல செலக்ட் ஆகி பெங்களூருக்குப் போன சீனியர்கள் சொல்றாங்க... சம்பள அக்கவுன்ட் திறந்த கையோட ஒரு போன் வருதாம். 'ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ, ஏர் மைல்ஸ் வேற, பிரீமியம் கார்டுங்க சார்!' இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல அந்த போன் உங்களுக்கும் எனக்கும் வரும். அதுக்குள்ள கணக்கைப் போட்டு வெச்சுடுவோம். பயப்படாதீங்க, எம்-3 எல்லாம் இல்லை. எட்டாங்கிளாஸ் கணக்குதான்.

முதல்ல ஃபீஸ். டிராவல் கார்டுகளில் பேர் தெரிஞ்ச ஒண்ணு, ஆக்சிஸ் அட்லஸ். வருஷத்துக்கு 5,000 ரூபாய். அதுக்கு மேல 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 5,900. அதே பேங்க்கின் மேக்னஸ் 12,500. வரியோட 14,750! ஹாஸ்டல்ல இருக்கறவங்க இதை எத்தனை மாச மெஸ் பில்னு மாத்திப் பார்த்துக்கோங்க.

இந்தப் பணத்துக்கு என்ன திரும்பி வருது? இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. லவுஞ்சுக்குள்ள கார்டு இல்லாம நுழைஞ்சா ஆயிரத்துக்கு மேல கேட்பாங்க, அதனால ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆயிரம் ரூபாய் லாபம்னு எழுதிக்கறாங்க. தப்பு! கார்டு இல்லேன்னா நீங்க ஆயிரம் கொடுத்து உள்ளே போயிருப்பீங்களா? அம்மா கட்டிக் கொடுத்த புளிசோத்தை கேட் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீங்க. மிஞ்சிப் போனா ஒரு தோசை, ஒரு காபி. நானூறு ரூபாய்னு வைங்க. உங்களுக்கு அந்த லவுஞ்சோட விலை நானூறுதான். சொந்தப் பணத்துல எவ்வளவு கொடுத்திருப்பீங்களோ, அதை மட்டும் எழுதுங்க.

அதுவும் எத்தனை தடவை? நமக்குப் பக்கத்து ஏர்போர்ட் சேலம், ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல. ரொம்ப நாள் தூங்கிட்டு, 2023 அக்டோபர்ல உடான் திட்டத்துல மறுபடி எழுந்துச்சு. கோவை ஏர்போர்ட் சுமார் 100 கி.மீ. பெங்களூரு வேலைக்காரங்க ஈரோட்டுலயோ சேலத்துலயோ ரயில் ஏறிடுவாங்க, இல்லேன்னா ராத்திரி பஸ். வருஷத்துக்கு நாலு தடவை ஃப்ளைட்ல பறக்கறீங்கன்னு தாராளமாவே வெச்சுக்குவோம். நாலு நானூறு 1,600. அட்லஸ் மாதிரி 5,900 ரூபாய் கார்டுல மீதி 4,300 பாயின்ட்ல வந்தாகணும்.

பிரீமியம் கார்டு நூறு ரூபாய்க்கு ரெண்டு ரூபா மதிப்புள்ள பாயின்ட் தருது, ஃபீஸே இல்லாத சாதாரண கார்டு ஒரு ரூபா தருதுன்னு வைங்க. வித்தியாசம் ஒரு சதவிகிதம். 4,300 எடுக்கணும்னா வருஷத்துக்கு 4 லட்சத்து 30 ஆயிரம் தேய்க்கணும். மாசம் கிட்டத்தட்ட 36,000! மூணரை லட்சம் பேக்கேஜ்ல சேர்ற ஆளுக்கு மொத்தச் சம்பளமே அவ்வளவு வராது பாஸ். அதுலயும் பெட்ரோல், வாடகை மாதிரி செலவுக்குப் பல கார்டுல பாயின்ட் கிடையாது.

'சரி, ரிக் ஓனருக்கு?' அவருக்குச் செலவு லட்சத்துல ஓடுது, உண்மை. ஆனா அதுல பெரும்பங்கு டீசல். பல பிரீமியம் கார்டுகள் டீசலுக்குப் பாயின்ட் தராது. ஆளுங்க போறது வர்றது ரயில்ல. அடிக்கடி ராய்ப்பூருக்கும் நாக்பூருக்கும் பறக்கறவர்னா, வெளிநாட்டுல செலவு பண்றவர்னா கதை வேற. சாதாரண கார்டுல ஃபாரெக்ஸ் மார்க்கப் பெரும்பாலும் 3.5 சதவிகிதம், மேல ஜி.எஸ்.டி. பல பிரீமியம் கார்டுல 2 சதவிகிதம். ரெண்டு லட்சம் செலவுக்கு வரியோட பார்த்தா 3,540 ரூபாய் மிச்சம். அவர் தாராளமா வாங்கலாம். எம்.எஸ். படிக்கப் போறவங்க அவசரப்படாதீங்க. டெபாசிட் போட்டு அது மேல வாங்கற கார்டுகளில், மார்க்கப்பும் வருஷ ஃபீஸும் இல்லாததே இருக்கு. சம்பளம் இல்லாமலே கிடைக்கும்.

இன்னொரு சங்கதி. இன்னிக்குச் சொல்ற சலுகை நாளைக்கும் இருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்கறதில்லை. மேக்னஸ் கார்டுல மாசம் ஒரு லட்சம் செலவு பண்ணினா 25,000 போனஸ் பாயின்ட்னு கொடுத்தாங்க. அதுக்காகவே வாங்கினவங்க ஏகப்பட்ட பேர். 2023 செப்டம்பர் 1-லேர்ந்து அந்த போனஸ் நின்னுபோச்சு. ஃபீஸ் 10,000-லேர்ந்து 12,500 ஆச்சு. அதே வருஷம் டிசம்பர்ல எச்.டி.எஃப்.சி. ரெகாலியா கார்டுல, மூணு மாசத்துல ஒரு லட்சம் செலவு பண்ணினாத்தான் லவுஞ்சுன்னு மாத்தினாங்க. சட்டப்படி தப்பில்லை. ஆனா நாம பாயின்ட்டை உண்டியல்ல காசு சேர்க்கற மாதிரி சேர்த்து வெச்சா, அந்த உண்டியல் சாவி அவங்க கையில இருக்குங்கறதை மறக்கக் கூடாது.

இதெல்லாம் பில்லை முழுசா கட்டற ஆளுக்கான கணக்கு. 40,000 பாக்கி வெச்சீங்கன்னா, பல கார்டுல வட்டி மாசம் 3.75 சதவிகிதம். 1,500 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 1,770. நாலு லவுஞ்ச் தோசையும் ஒரே மாசத்துல காலி! அதிகபட்சம் 30 சதவிகிதம்தான்னு நுகர்வோர் ஆணையம் 2008-ல போட்ட வரம்பையும் சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பர்ல ரத்து பண்ணிடுச்சு. நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் எஜுகேஷன் லோன்லதான் படிக்கிறோம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல அந்த ஈ.எம்.ஐ. ஆரம்பிக்கும். தறி ஓட்டி நம்மளைப் படிக்க வெச்ச அப்பாகிட்ட போய், 'மைல்ஸ் சேர்த்தேன், அதான் இந்த மாசம் கட்ட முடியலைங்ப்பா'ன்னு எந்த முகத்தோட சொல்றது?

போன்ல 'சரி சரி'ன்னு சொன்னதுக்கே கார்டு வீட்டுக்கு வந்துடுச்சா? ஓ.டி.பி. கொடுத்து ஆக்டிவேட் பண்ணாதீங்க. ரிசர்வ் பேங்க்கின் விதிப்படி, கேட்காத கார்டை அனுப்பவே கூடாது. ஏற்கெனவே வாங்கினவங்க, ரெண்டாம் வருஷ ஃபீஸ் விழறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்க. தேறலைன்னா, பாக்கியைக் கட்டிட்டு, பாயின்ட்டை எல்லாம் தீர்த்துட்டு, மூடச் சொல்லி எழுதுங்க. பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள்ள மூடணும். இழுத்தடிச்சா நாளுக்கு 500 ரூபாய் பேங்க் உங்களுக்குத் தரணும். உங்க கணக்குல என்ன விடை வந்துச்சுன்னு எனக்கும் எழுதுங்க. முக்கியமா ரிக் ஓனர் வீட்டுப் பசங்க!