பத்தியம் தொடங்கியாச்சு... எப்போ முறிப்பீங்க?

போன பொங்கலுக்கு, ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் செட்டியார்பட்டிக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வழக்கம்போல அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டேன். சித்திக்கு அது உயிர். ஆனால், டப்பாவைத் திறந்து நீட்டியதும் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "எனக்கு வேணாம்த்தா... நான் டயட்ல இருக்கேன்."

பால்கோவா மட்டுமல்ல. பால், தயிர், முட்டை, பருப்பு, கோதுமை, தக்காளி, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. சோறுகூட இல்லை. நான்கு மாதமாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கீரை, தேங்காய், எப்போதாவது மீன். போட்டிருந்த ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

சித்தி நைட்டி தைப்பவர். தளவாய்புரம், செட்டியார்பட்டி பக்கம் பலருக்கும் அதுதான் பிழைப்பு. பீஸ் கணக்கில் கூலி. அவருக்கு முடக்குவாதம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. காலையில் விரல் மடங்கவில்லை என்றால் அன்றைய கூலி போச்சு. அந்த நேரத்தில்தான் போனில் ஒரு வீடியோ, 'குடலைச் சரிசெய்தால் ஆட்டோ இம்யூன் நோய் ஓடிவிடும்' என்று சொல்லியிருக்கிறது. சித்தி சாப்பாட்டைக் குறைத்தார். கூடவே, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். முதல் சில வாரம் உடம்பு லேசாக இருந்ததாம். மூன்றாவது மாதம் இரண்டு மணிக்கட்டும் வீங்கிவிட்டன.

இந்த வாரம் எழுத வேறொரு விஷயம் வைத்திருந்தேன். ஆனால், சித்தி பார்த்த அந்த வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும் என்று தோன்றியது. அதனால் இதையே பேசிவிடலாம்.

அது என்ன எலிமினேஷன் டயட்?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நம் உடலையே தாக்குவதுதான் ஆட்டோ இம்யூன் நோய். மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம். தைராய்டைத் தாக்கினால் ஹாஷிமோட்டோ. சிறுகுடலைத் தாக்கினால் சீலியாக்.

சந்தேகப்படும் உணவைச் சில வாரங்கள் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் எலிமினேஷன் டயட். நம் ஊர்ப் பத்தியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பத்தியத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு, முறிக்கும் நாளும் உண்டு. எலிமினேஷன் டயட்டும் அப்படித்தான். அது ஒரு சோதனை. ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய சாப்பாட்டு முறை அல்ல. வீடியோக்கள் நிறுத்துவதைப் பற்றி நீளமாகச் சொல்கின்றன. திரும்பச் சேர்ப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

உணவே மருந்தாகும் நோய் ஒன்று உண்டு

நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில், போர் காரணமாகக் கடும் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஆனால், சீலியாக் நோயால் தீராத வயிற்றுப்போக்கில் மெலிந்திருந்த குழந்தைகள் அந்தப் பஞ்சத்தில் தேறினார்கள். திரும்ப ரொட்டி வந்ததும் மறுபடியும் படுத்துவிட்டார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தைகள் மருத்துவருக்குக் கோதுமை மேல் ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. அதை ஆராய்ந்து நிரூபித்து, 1950-ல் ஆய்வேடாகக் கொடுத்தார். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் காரணம் என்பது இன்று உறுதியான விஷயம். சீலியாக் உள்ளவர்கள் ஆயுள் முழுக்க அதைத் தவிர்க்க வேண்டும். அதுதான் சிகிச்சையே.

நம்மூர் நிலவரம் என்ன? வேலூர் உட்பட நாட்டின் மூன்று பகுதிகளில், 23 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. சீலியாக் நோய் வடக்கே நூறில் ஒருவருக்குச் சற்று மேல் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். நாம் சோறு சாப்பிடுகிறவர்கள் என்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக நமக்கு வரவே வராது என்று அர்த்தம் இல்லை. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எவ்வளவு மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை, குழந்தைக்கு வளர்ச்சிக் குறைவு என்றால் டாக்டரிடம் சீலியாக் பற்றிக் கேளுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். சீலியாக் ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது நீங்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால், நோய் இருந்தாலும் 'இல்லை' என்று ரிசல்ட் வரலாம். எனவே முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

சீலியாக் உறுதியானால், சப்பாத்தி, பரோட்டாவை விட்டால் மட்டும் போதாது. ரவை, சேமியா, மைதா பிஸ்கட்டிலும் குளூட்டன் உண்டு. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்திலேயே பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

மூட்டுக்கும் தைராய்டுக்கும்?

மற்ற ஆட்டோ இம்யூன் நோய்களில் கதை இவ்வளவு நேராக இல்லை. நார்வேயில் முடக்குவாத நோயாளிகள் 53 பேரை வைத்து நடந்த ஆய்வு 1991-ல் வெளியானது. ஒரு பிரிவினர் சில நாள் உபவாசத்துக்குப் பின் சைவ உணவுக்கு மாறி, இரண்டு நாளுக்கு ஓர் உணவாகத் திரும்பச் சேர்த்தார்கள். அவர்களில் பலருக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. எனவே சாப்பாட்டுக்கும் மூட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அது சிறிய ஆய்வு. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பு 2022-ல் தந்த வழிகாட்டுதல், காய்கறி, பழம், முழுத்தானியம், மீன் நிறைந்த மத்திய தரைக்கடல் பாணி உணவை மட்டுமே பரிந்துரைத்தது. மற்ற டயட்டுகளைப் பரிந்துரைக்கவில்லை. கத்திரிக்காயும் தக்காளியும் மூட்டுவலியைக் கூட்டும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது.

ஹாஷிமோட்டோ உள்ள 17 பெண்கள், சித்தி இருந்த அதே மாதிரியான டயட்டில் இருந்து பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. சோர்வு போன்ற தொந்தரவுகள் குறைந்தன. ஆனால், தைராய்டு அளவிலும் ஆன்டிபாடியிலும் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. உடம்பு லேசாகத் தோன்றுவது வேறு, நோய் அடங்குவது வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது. முடக்குவாதத்தில் மாத்திரையை நிறுத்தினால், உள்ளே எலும்பு அரிப்பு நடக்கும். அரித்த எலும்பு எந்த டயட்டாலும் திரும்ப வராது.

வயிறு உப்புசம், வலி, மாறி மாறி மலச்சிக்கல், பேதி என்று வரும் ஐ.பி.எஸ். ஆட்டோ இம்யூன் நோய் அல்ல. அதற்கு மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை பலருக்குப் பலன் தருகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், சில பருப்புகளை 2 முதல் 6 வாரம் மட்டும் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள்.

முயற்சி செய்து பார்க்க விரும்பினால்...

* முதலில் டாக்டர். மாத்திரையைத் தானாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.
* ஒரு வாரம் எதையும் மாற்றாமல், சாப்பிட்டதையும் வந்த தொந்தரவையும் நோட்டில் எழுதுங்கள். சந்தேகம் யார் மேல் என்று ஓரளவு தெரிந்துவிடும்.
* பத்து உணவை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒன்றோ இரண்டோ போதும். முறிக்கும் தேதியை அன்றே காலண்டரில் வட்டமிடுங்கள்.
* நிறுத்தியதற்கு ஈடு வேண்டும். பாலை நிறுத்தினால் கேழ்வரகு, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. பருப்பை நிறுத்தினால் முட்டை அல்லது மீன்.
* திரும்பச் சேர்க்கும்போது ஒரு நேரத்தில் ஓர் உணவு. முதல் நாள் கொஞ்சம், அடுத்த இரண்டு நாளில் வழக்கமான அளவு. தொந்தரவு வந்தால் நிறுத்தி, சில நாள் கழித்து இன்னொரு முறை சோதியுங்கள். இரண்டு முறையும் வந்தால்தான் குற்றவாளி.
* குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள் தானாகச் செய்யவே கூடாது. ஓர் உணவால் மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்தவர்கள் அதை வீட்டில் சோதிக்கக் கூடாது.
* மலத்தில் ரத்தம், இரவில் எழுப்பும் பேதி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது இருந்தால் டயட்டை யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பொங்கல் முடிந்த திங்கள்கிழமையே சித்தியைப் பழைய டாக்டரிடம் கூட்டிப்போனோம். திட்டு விழும் என்று பயந்துகொண்டே வந்தார். டாக்டர் திட்டவில்லை. மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டு, டயட்டீஷியனிடம் அனுப்பினார். முதலில் சோறு வந்தது, பிறகு பருப்பு, முட்டை, தக்காளி. எதிலும் மூட்டு வீக்கம் கூடவில்லை. பால் குடித்தால் மட்டும் இரண்டு முறையும் வயிறு உப்பியது. தயிர் ஒத்துக்கொண்டது. நான்கு மாதப் பட்டினியில் கிடைக்காத பதில், முறையாகச் செய்தபோது சில வாரங்களில் கிடைத்துவிட்டது.

போன வாரம் போன் செய்தார். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது. "நேத்து எண்ணெய்க் கத்திரிக்காய் வச்சேன்த்தா. ஒண்ணும் பண்ணல!"

அடுத்த முறை போகும்போது பால்கோவா வாங்கவா என்று கேட்டேன்.

"வாங்கிட்டு வா. ஒரு ஸ்பூன் போதும்."